பிறந்த ஊர் எது?

சான்ஃபிரான்சிஸ்கோ வரும் தமிழர்களில் பெரும்பாலோர் அல்காட்ராஸ் சிறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. அந்தச் சிறைக்கு வடக்கே, அதே விரிகுடாவில், அதைவிடப் பல மடங்கு பெரிய தீவு ஒன்று பச்சைக் குன்றாக எழுந்து நிற்கிறது. பெயர் ஏஞ்சல் தீவு. எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த இடம் அது. 1910 முதல் 1940 வரை, பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்தவர்களைத் தடுத்து வைத்து விசாரித்த குடியேற்ற நிலையம் அங்கேதான் இருந்தது. அமெரிக்கா குடியேறிகளின் நாடு என்று சொல்லப்படும் போதெல்லாம் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவைக் காட்டுவார்கள். அந்த வாசல் வழியாக 1892 முதல் 1954 வரை ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பேர் உள்ளே போனார்கள். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். மேற்குக் கரையின் வாசல் எப்படி இருந்தது என்று பார்க்கவே ஏஞ்சல் தீவுக்குப் போனேன்.

ஃப்ரீமான்ட்டில் இருக்கும் என் அண்ணன் மகள்தான் காரில் அழைத்துப் போனாள். ரிச்மண்ட் பாலத்தைக் கடந்து டிபூரான் என்ற சிற்றூருக்குப் போய், அங்கிருந்து படகு. நீரிணை குறுகியது, ஆனால் காற்றும் நீரோட்டமும் பலம். கால் மணி நேரத்துக்குள் அயாலா வளைகுடாவில் இறக்கிவிட்டார்கள். படகில் வந்தவர்களில் பாதிப் பேர் சைக்கிளோடு வந்தவர்கள், மீதிப் பேர் சாப்பாட்டுக் கூடையோடு வந்தவர்கள். இன்று இது மாநிலப் பூங்கா. இறங்கியதும் புல்வெளியும் மேசைகளும் கண்ணில் படுகின்றன. அந்தப் புல்வெளி இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் இருந்தது. கப்பல்களுக்குப் புகை போட்டதும் பயணிகளை ஒதுக்கி வைத்ததும் அங்கேதான்.

குடியேற்ற நிலையம் தீவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. முதலில் செங்குத்தான மரப்படிகள், பிறகு தீவைச் சுற்றிப் போகும் சாலையில் ஒன்றரை மைல் நடை. "மெதுவா வாங்க அத்தை, அவசரமே இல்ல" என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். இடப்பக்கம் நீலத் தண்ணீரும் எதிர்க்கரையின் பணக்கார வீடுகளும் தெரிந்தன. அடைபட்டிருந்தவர்களுக்கும் இதே காட்சி தெரிந்திருக்கும். கரை அவ்வளவு பக்கம்.

நடக்கும்போது கதையை முதலிலிருந்து சொன்னேன். 1848ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. தென்சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் பஞ்சமும் உள்நாட்டுப் போரும். முத்தாற்றுக் கழிமுகத்துக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் கப்பலேறினார்கள். தங்கமலை என்பதுதான் அவர்கள் இந்த ஊருக்கு வைத்த பெயர். 1850லேயே மாநில அரசு அயல்நாட்டுச் சுரங்கக்காரர்கள் மீது மாதம் 20 டாலர் வரி போட்டது. கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போட்டபோது, சியரா நெவாடா மலையைக் குடைந்து மேற்குப் பகுதியை அமைத்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் தொழிலாளர்களில் மிகப் பெரும்பங்கினர் சீனர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பனிச்சரிவிலும் வெடிவிபத்திலும் எத்தனையோ பேர் செத்தார்கள். 1869 மே 10ஆம் தேதி இரண்டு பாதைகளும் இணைந்தன. வேலை முடிந்தது, அடுத்த பத்தாண்டுகளில் பொருளாதாரம் சரிந்தது, கூலியைக் குறைப்பவர்கள் என்ற பழி சீனர்கள் மீது விழுந்தது.

1875ல் வந்த பேஜ் சட்டம் பாலியல் தொழிலுக்குக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டது. நடைமுறையில் சீனப் பெண்கள் எல்லோரையும் அந்தச் சந்தேகத்தோடு விசாரித்து மனைவிமாரையும் தடுத்தது. 1882ல் சீனர் விலக்குச் சட்டம் வந்தது. சீனத் தொழிலாளர்கள் பத்தாண்டுகளுக்கு வரக்கூடாது, ஏற்கெனவே இருக்கும் சீனர்கள் குடியுரிமை பெறக்கூடாது. ஒரு நாட்டவரை இன்னார் என்று பெயர் சொல்லி அமெரிக்கா வாசலை அடைத்த முதல் சட்டம் அது. வணிகர்கள், ஆசிரியர்கள், மாணவர்கள், சுற்றுலாப் பயணிகள், தூதர்கள் இவர்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. பத்தாண்டு முடிந்தபோது நீட்டினார்கள், பிறகு காலவரம்பில்லாமல் ஆக்கினார்கள்.

இதன் நடுவில் சே சான் பிங் என்ற தொழிலாளியின் வழக்கு நடந்தது. இந்த வழக்கைப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவே இல்லை. சான்ஃபிரான்சிஸ்கோவில் பல ஆண்டுகள் வேலை செய்தவர், 1887ல் ஊருக்குப் போனார். திரும்பி வரலாம் என்று அமெரிக்க அரசு கொடுத்த சான்றிதழ் அவர் கையில் இருந்தது. 1888 அக்டோபர் 1ஆம் தேதி புதிய சட்டம் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் அனைத்தையும் செல்லாது என்றாக்கியது. அவர் அப்போது நடுக்கடலில் கப்பலில் வந்துகொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்துத் துறைமுகத்தை அடைந்தவரை இறங்க விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். யாரை உள்ளே விடுவது என்பது இறையாண்மை சார்ந்த அதிகாரம், அதில் நாடாளுமன்றத்தின் முடிவே இறுதி என்று 1889ல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை இன்று வரை யாரும் குப்பையில் போடவில்லை. குடியேற்ற வழக்குகளில் அரசுத் தரப்பு இன்றும் நிற்பது அந்த அடித்தளத்தின் மேல்தான். ஒரு நாடு தானே எழுதிக் கொடுத்த சொல்லை, அதை நம்பிக் கப்பலேறியவன் வந்து சேர்வதற்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது எந்த ஊர் நியாயம்?

சாலை ஒரு வளைவில் இறங்கியது. கீழே சிறு வளைகுடா, அதன் மேல் சரிவில் மங்கிய நிறத்தில் இரண்டு மாடிக் கட்டடம். நிர்வாகக் கட்டடம் 1940 ஆகஸ்டில் தீப்பிடித்து எரிந்துபோனது. அதோடு நிலையத்தையும் மூடினார்கள். எரிந்த கட்டடத்தின் இடம் இப்போது தரையில் கோடாகத்தான் இருக்கிறது. கொட்டடி தப்பிவிட்டது.

உள்ளே போனால் இரும்புக் கம்பங்களுக்கு நடுவே, நம் ரயிலின் இரண்டாம் வகுப்புப் பெட்டி போல, மூன்றடுக்குப் படுக்கைகள். இடைவெளியில் ஒருவர் நடக்கலாம், இருவர் ஒதுங்க முடியாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஐரோப்பியர் தனி, ஆசியர் தனி. விசாரணை முடியும் வரை கணவன் மனைவியைப் பார்க்க முடியாது. ஜன்னல்களுக்குக் கம்பி, வெளியே முள்வேலி. இந்த வாசல் வழியாக எண்பது நாடுகளைச் சேர்ந்த ஐந்து லட்சம் பேர் வந்தோ போயோ இருக்கிறார்கள். அவர்களில் மூன்று லட்சம் பேர் இங்கே அடைத்து வைக்கப்பட்டார்கள். சீனர்கள் மட்டும் சுமார் ஒரு லட்சம். சில நாளில் வெளியேறியவர்கள் உண்டு. வாரங்கள், மாதங்கள் கிடந்தவர்கள் மிக அதிகம். வாஷிங்டனுக்கு மேல்முறையீடு போட்டுவிட்டு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தவர்களும் உண்டு.

சுவர்களில் கவிதைகள் இருக்கின்றன. முதலில் தூரிகையாலோ பென்சிலாலோ எழுதி, பிறகு கத்தியால் செதுக்கியிருக்கிறார்கள். பழைய சீன மரபுப்படி நான்கு வரி, எட்டு வரி, வரிக்கு ஐந்து அல்லது ஏழு எழுத்து. எழுதியவர்கள் பெயர் பெரும்பாலும் இல்லை. பெயர் தெரிந்தால் வழக்கு கெடும். அதிகாரிகள் அவற்றை அலங்கோலமாகக் கருதி, பள்ளங்களை மக்குப் பூசி அடைத்து மேலே வண்ணம் அடித்தார்கள். அடுத்து வந்தவர்கள் அந்த வண்ணத்தின் மேல் மறுபடி செதுக்கினார்கள். பூசிய மக்கு நாளடைவில் சுருங்கியது, எழுத்துகள் மேலே வந்தன. வழிகாட்டிப் பெண் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது வெற்றுச் சுவராகத் தெரிந்த இடத்தில் பத்தி பத்தியாக எழுத்து எழுந்து வந்தது. வீட்டு ஏக்கம், கடன், நாட்டின் பலவீனம், பழிவாங்கும் சபதம், அடுத்து வருபவருக்கு ஆறுதல் என்று என்னென்னவோ இருப்பதாக அவர் விளக்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட கவிதைகள் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. விவசாயக் கிராமங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இத்தனை யாப்பறிவோடு இருந்தார்களே என்று நான் வியந்து நின்றேன். கல்வெட்டுக்கு அரசன் தேவையில்லை என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது.

இவையெல்லாம் இன்று இருப்பதற்கு அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் காரணம். 1970ல், இடிப்பதற்காக ஒதுக்கியிருந்த இந்தக் கட்டடத்தில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு போனவர் எழுத்துகளைக் கண்டார். மேலதிகாரிகள் அக்கறை காட்டவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னார். அங்கிருந்து ஆசிய அமெரிக்கர்களின் இயக்கமாக அது வளர்ந்தது. 1976ல் மாநில சட்டமன்றம் பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கியது. ஹிம் மார்க் லாய், ஜென்னி லிம், ஜூடி யங் மூவரும் கவிதைகளையும் அடைபட்டிருந்த முதியவர்களின் நினைவுகளையும் தொகுத்து 1980ல் நூலாக்கினார்கள். மூவருமே இந்தத் தீவில் அடைபட்டவர்களின் பிள்ளைகள்.

விசாரணை எதற்காக அவ்வளவு நீண்டது? 1898ல் வாங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் ஒரு வழக்கில் வென்றார். சான்ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகனே, பெற்றோரின் இனம் எதுவானாலும் சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. குடிமகனின் பிள்ளை வெளிநாட்டில் பிறந்தாலும் குடிமகன். 1906 ஏப்ரலில் நிலநடுக்கமும் தீயும் சான்ஃபிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவேடுகளைச் சாம்பலாக்கின. இங்கேதான் பிறந்தேன் என்று சொல்பவரை மறுக்க இனி ஆவணம் இல்லை. அப்படிக் குடியுரிமை பெற்ற ஒருவர் சீனாவுக்குப் போய்த் திரும்பும்போது மகன் பிறந்திருக்கிறான் என்று பதிவு செய்வார். அந்த மகன் உண்மையில் இல்லாவிட்டால், அந்த இடத்தை இன்னொரு குடும்பத்துப் பையனுக்கு விற்கலாம். பையனின் வயதில் ஓர் ஆண்டுக்கு 100 டாலர் என்பது பேசப்பட்ட விலை. இப்படி வந்தவர்களைக் காகிதப் பிள்ளைகள் என்று அழைத்தார்கள்.

அதனால் பையன் சொல்வதையும் அப்பா சொல்வதையும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டார்கள். இரண்டு விசாரணை அதிகாரிகள், சுருக்கெழுத்தர், மொழிபெயர்ப்பாளர். உங்கள் வீட்டு வாசலில் எத்தனை படி? வீடு எந்தத் திசை பார்த்திருக்கிறது? அரிசிக் குதிர் எந்த மூலையில்? இரண்டாம் வரிசையில் மூன்றாம் வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? அவர்களுக்கு எத்தனை பிள்ளைகள்? பாட்டி எந்த ஆண்டு இறந்தார்? நாள் கணக்கில் நீளும், நூற்றுக்கணக்கான கேள்விகள். பையன்கள் கப்பலில் ஒரு குறிப்பேட்டை மனப்பாடம் செய்துவிட்டு, துறைமுகம் நெருங்கும்போது கடலில் வீசிவிடுவார்கள். தீவின் சமையலறையில் வேலை செய்த சீனர்கள் விடுமுறைக்கு நகரத்துக்குப் போய்வரும்போது உறவினர்கள் கொடுக்கும் சீட்டுகளை உணவுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கேள்விகளை வாசித்தபடி என் அண்ணன் மகள் சட்டென்று கேட்டாள்: "அத்தை, ஸ்ரீரங்கம் வீட்டு வாசல்ல எத்தனை படி?"

"நாலு."

"மூணுதான்."

நான் பிறந்து வளர்ந்த வீடு அது. அவள் கோடை விடுமுறைகளில் ஓடி விளையாடிய வீடும் அதுதான். இருவரும் உறுதியாகச் சொன்னோம். யோசித்தபோதுதான் புரிந்தது. தெருவில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாலை போட்டுப் போட்டு, அடிப்படி புதைந்துபோய்விட்டது. அவள் பார்த்த காலத்தில் மூன்றுதான். இரண்டு பதிலும் உண்மை. இந்தத் தீவில் நாங்கள் அத்தையும் மருமகளும் என்று சொல்லி நின்றிருந்தால், அந்த ஒரு படிக்காக அவளைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். உண்மையான பிள்ளைகளும் அப்படித்தான் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதனால் உண்மையான பிள்ளைகளும் குறிப்பேட்டை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது.

காகிதப் பிள்ளைகளைச் சட்டத்தை ஏமாற்றியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேர்வழி ஒன்று இருந்து அதை விட்டுவிட்டுக் குறுக்குவழியில் வந்தவனைத்தான் அப்படிச் சொல்லலாம். குவாங்டாங் விவசாயியின் மகனுக்கு எந்த வரிசையும் இருக்கவில்லை. எத்தனை ஆண்டு காத்திருந்தாலும், எவ்வளவு பணம் கட்டினாலும், எந்தத் தேர்வில் தேறினாலும் அவனுக்குக் கதவு கிடையாது. பிறப்பை மட்டும் கேட்ட சட்டத்துக்கு அவர்கள் ஒரு பிறப்பைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அதற்கான விலையைத் தலைமுறைகள் கொடுத்தன. நான் குறிப்பிட்ட ஜூடி யங்கின் குடும்பப் பெயர் உண்மையில் டாம். அவருடைய தந்தை 1921ல் யங் என்ற பெயரில் இந்தத் தீவில் இறங்கியதால் பிள்ளைகள் எல்லோரும் யங் ஆனார்கள். 1956ல் அரசு ஒப்புதல் திட்டம் ஒன்றை அறிவித்தது. உண்மையைச் சொன்னால் நிலையைச் சரிசெய்து தருவோம் என்றார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டால் அவரோடு பதிவான உறவினர் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். ஆயினும் சுமார் 14,000 பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் பொய்ப்பெயரோடு வாழ்ந்து பொய்ப்பெயரோடு போனார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே கோல்மா என்ற ஊர் இருக்கிறது. ஊரின் பெரும்பகுதி மயானங்கள்தான். பிறகு ஒரு நாள் அங்கே சீனர் மயானத்தில் நடந்தபோது, சில கல்லறைகளில் ஆங்கிலத்தில் ஒரு குடும்பப் பெயரும் சீன எழுத்தில் வேறொரு குடும்பப் பெயரும் இருப்பதை, உடன் வந்த சீன நண்பர் படித்துக் காட்டினார். பிணம் புதைக்கும்போதுதான் சொந்தப் பெயரை எழுதத் துணிந்திருக்கிறார்கள்.

நம்மவர்களும் இந்தத் தீவுக்கு வந்தார்கள். பெரும்பாலும் பஞ்சாப் விவசாயிகள், ரயில் பாதையிலும் மரம் அறுக்கும் ஆலைகளிலும் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கின் பண்ணைகளிலும் வேலை தேடி வந்தவர்கள். தெற்காசியர்கள் 8,000 பேர் அளவில் இந்த வாசலைக் கண்டார்கள். அவர்களைத் தடுக்கத் தனிச் சட்டம் அப்போது இல்லை. ஆனாலும் பொதுச்செலவுக்குப் பாரமாகிவிடுவார்கள், கொக்கிப்புழு நோய் இருக்கிறது என்று காரணங்கள் கண்டுபிடித்தார்கள். 1911 முதல் 1915 வரை வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தீவுக்கு வந்த வேறு எந்த இனத்தவருக்கும் அந்த விகிதத்தில் மறுப்பு இல்லை. 1917ல் சட்டமே வந்துவிட்டது. குடியரசுத் தலைவர் வில்சனின் மறுப்பை மீறி நிறைவேறிய அந்தச் சட்டம், வரைபடத்தில் ஆசியாவின் மேல் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குள் பிறந்தவர்கள் வரக்கூடாது என்றது. இந்தியா முழுவதும் கோட்டுக்குள். பெஷாவரில் பிறந்தவரும் நாகப்பட்டினத்தில் பிறந்தவரும் அதில் ஒன்றுதான்.

ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் கதை இன்னும் கொடியது. 1790ல் எழுதிய சட்டம், குடியுரிமை சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றது. 1870ல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அதை விரித்தார்கள், ஆசியருக்கு இல்லை. அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த், தான் ஆரிய இனத்தவன், அதனால் வெள்ளையன் என்று வாதாடினார். அந்த வாதத்தில் எனக்குத் துளியும் மரியாதை இல்லை. மற்றவர்களை வெளியே நிறுத்தும் சுவரைத் தொடாமல் தனக்கு மட்டும் கதவு கேட்ட வாதம் அது. 1923ல் உச்ச நீதிமன்றம் அவரை மறுத்தது. அறிஞர்கள் என்ன சொன்னாலும், சாதாரண மனிதனின் புரிதலில் இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார் என்றது. தீர்ப்பு திந்தோடு நிற்கவில்லை. அதற்கு முன் குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறிக்கத் தொடங்கினார்கள்.

வைஷ்ணோ தாஸ் பகாய் 1915ல் மனைவி கலாவோடும் மூன்று மகன்களோடும் இந்தத் தீவின் வழியாகத்தான் வந்தார். சான்ஃபிரான்சிஸ்கோவில் கடை நடத்தினார். 1921ல் குடியுரிமை கிடைத்தது. தீர்ப்புக்குப் பின் அது போயிற்று. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் வாழப் பிடிக்காமல் வந்தவரிடம், ஊருக்குப் போய்வர வேண்டுமானால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கிக்கொள் என்றார்கள். 1928ல் சான் ஹோசேயில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்று கடிதம் எழுதி வைத்திருந்தார், நாளிதழில் அது வெளிவந்தது. கலா பகாய் பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்தார். அந்தக் குடும்பம் பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபுக வந்த அன்று அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விட மறுத்திருந்தார்கள். அதே பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்குக் கலா பகாய் பெயர்.

1924ல் அமெரிக்கா மொத்தக் கதவையும் நாடு வாரியாகக் கணக்குப் போட்டது. 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் எந்த நாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேரோ, அதில் நூற்றுக்கு இரண்டு என்பது அந்த நாட்டின் ஆண்டு ஒதுக்கீடு. ஏன் 1890? இத்தாலியர்களும் போலந்துக்காரர்களும் யூதர்களும் பெருந்திரளாக வந்தது அதற்குப் பிறகுதான். கணக்கைப் பின்னால் தள்ளினால் அவர்கள் எண்ணிக்கையில் வரமாட்டார்கள். ஜெர்மனிக்கு 51,000க்கு மேல், இத்தாலிக்கு 4,000கூட இல்லை. ஆசியருக்கு ஒன்றுமே இல்லை. யாரையும் பெயர் சொல்லித் திட்டாமல், வெறும் எண்களால் ஆளைப் பொறுக்கும் கலையை அந்தச் சட்டம் கண்டுபிடித்தது. இன்னொன்றும் செய்தது. விசாவை அந்தந்த நாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரகத்திலேயே வாங்கி வர வேண்டும் என்றாக்கி, ஏஞ்சல் தீவின் வேலையில் பாதியைக் கடலுக்கு அப்பால் அனுப்பியது. 1930களில் ஹிட்லரிடமிருந்து தப்ப நினைத்த யூதர்கள் அந்தத் தூதரக வரிசைகளில் இந்த எண்களின்மேல் முட்டி நின்றார்கள்.

இரண்டாம் உலகப் போரில் சீனா கூட்டாளியானதும் 1943ல் விலக்குச் சட்டத்தை நீக்கினார்கள். சீனர்களுக்கு ஆண்டுக்கு 105 இடம். 1946ல் இந்தியாவுக்கு 100. இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவும் அப்போதுதான் திறந்தது. பத்தாண்டில் தலீப் சிங் சவுந்த் கலிஃபோர்னியாவிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1924 சட்டத்தை எதிர்த்துப் பேசியவர்களில் புரூக்ளினிலிருந்து புதிதாக வந்திருந்த உறுப்பினர் இமானுவேல் செல்லரும் ஒருவர். அன்று தோற்றார். அதே அவையில் நாற்பத்தொரு ஆண்டுகள் அதை எதிர்த்துக்கொண்டே இருந்து, 1965ல் அதை வீழ்த்திய சட்டத்தில் தன் பெயரைப் பதித்தார். அக்டோபர் 3ஆம் தேதி சுதந்திர தேவி சிலையடியில் குடியரசுத் தலைவர் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். வம்சாவளி ஒதுக்கீடு ஒழிந்தது. குடும்ப உறவும் தொழில் திறனும் அளவுகோல்களாயின. கிழக்கு அரைக்கோளத்துக்கு ஆண்டுக்கு 1,70,000 விசா, எந்த ஒரு நாட்டுக்கும் 20,000க்கு மேல் இல்லை. பெரிய மாற்றம் எதுவும் வராது என்றுதான் ஆதரித்தவர்களே நம்பினார்கள். வந்த மாற்றத்தை ஃப்ரீமான்ட்டின் கடைத்தெருவில் பார்க்கலாம். நல்லெண்ணெயும் அப்பளமும் கிடைக்கின்றன, தமிழ்ப் பள்ளி நடக்கிறது. நாம் இந்த நாட்டில் காலூன்றியது அந்தக் கையெழுத்தால்தான். செல்லரின் பெயரை நம் வீடுகளில் சொல்லித் தர வேண்டும்.

நாட்டுக்கு இத்தனை என்ற உச்சவரம்பு மட்டும் போகவில்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலையின் அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 நிரந்தரக் குடியிருப்பு அனுமதிகள். குடும்பத்தினரும் அதற்குள்தான். அதில் எந்த நாட்டுக்கும் பொதுவாக நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. எந்த நாடு என்பதற்குக் குடியுரிமை கணக்கில்லை, பிறந்த இடம்தான் கணக்கு.

என் அண்ணன் மகளின் கிரீன் கார்டு மனு 2015ல் போனது. எந்தத் தேதியில் மனுச் செய்தவர்களின் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் வெளியுறவுத் துறை வெளியிடும் விசா புல்லட்டினை அவள் பார்க்கிறாள். "டேட் இன்னும் கரண்ட் ஆகல அத்தை" என்பதை நான் தொலைபேசியில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். அவளோடு ஒரே குழுவில், ஒரே வேலை பார்க்கும் இன்னொரு தமிழர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். அவருக்கு இரண்டு ஆண்டுக்குள் கிரீன் கார்டு வந்துவிட்டது. அவருக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், போரில் வீடிழந்து வந்தவர். ஆனால் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள கடலை, சான்ஃபிரான்சிஸ்கோ விரிகுடாக் கரை அலுவலகம் ஒன்றில் அளந்து பார்க்கும் சட்டத்தை எப்படி நியாயப்படுத்துவது?

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சென்னையில் பிறந்து, மழலை மாறாத வயதில் இங்கே வந்தவன். இளையவள் ஃப்ரீமான்ட்டில் பிறந்தாள். வாங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் 1898ல் வென்ற வழக்கால் இளையவள் குடிமகள். மூத்தவனுக்குப் பதினேழு வயது. அம்மாவின் மனுவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அவன் இடம் இருபத்தொரு வயதில் அறுந்துவிடும். அதற்குள் தேதி வராவிட்டால், அவன் நடை பழகிய ஊரில் வெளிநாட்டு மாணவன் என்ற பெயரில் விசா கேட்க வேண்டும், அல்லது வெளியேற வேண்டும்.

திரும்பும் படகுக்காகக் காத்திருந்தபோது அவள் இதைப் பற்றித்தான் பேசினாள். 1924க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். வித்தியாசம் மிகப் பெரியது என்று சொன்னேன். இன்று நீ வீடு வாங்கலாம், நீதிமன்றம் போகலாம், முறை வந்ததும் குடிமகள் ஆகலாம். கொட்டடியில் கிடந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதில் எதற்கும் உறுதி இருக்கவில்லை. அவர்களுடைய துன்பத்தை நம்முடையதோடு சேர்த்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆனால் ஆளைப் பார்க்காமல் பிறந்த நாட்டைப் பார்க்கும் கணக்கு அன்று தொடங்கியது, அது முடியவில்லை. செல்லர் பாதிச் சுவரைத்தான் இடித்தார். மீதியை இடிக்க நாடாளுமன்றத்துக்கு எத்தனையோ மசோதாக்கள் போய்விட்டன, எதுவும் சட்டமாகவில்லை. போராட வேண்டும். சீனர்கள் அறுபத்தொரு ஆண்டு போராடினார்கள்.

அவள் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "அவனுக்கு மாணவர் விசா ஸ்டாம்பிங்னா சென்னைத் தூதரகத்துக்குத்தான் போகணும் அத்தை. தனியாப் போவான். தமிழ் படிக்கக்கூடத் தெரியாது. எங்க தங்குவான்?"

சென்னையில் நான் இருக்கும்போது இது என்ன கேள்வி, தேதி தெரிந்ததும் சொல், விமான நிலையத்துக்கு நானே போகிறேன் என்றேன். அண்ணா சாலையில் தூதரகம் இருக்கும் இடத்தையும், விடியற்காலையில் அங்கே நிற்கும் வரிசையையும், கையில் என்னென்ன ஆவணம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் படகு வரும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் என்னிடம்தான் இருக்கிறது.